மிளகுப் பணமும் தகரப் பெட்டியும்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் புளிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. 2024-ம் வருஷம் மிளகு விற்றதில் மிச்சம் பிடித்த பதினாலாயிரம் ரூபாய் அதில்தான் இருந்தது. அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. பேத்திக்குக் காது குத்து! என் மகளுக்கு உடன் பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தைக்குத் தாய்மாமன் இல்லையே என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. தோடு, தட்டு, வரிசை எல்லாம் நானே செய்வேன் என்று குழந்தை பிறந்த அன்றே சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். தை மாதம் என்று மனசுக்குள் நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த டின்னைத்தான் ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில் என் மகள் கேட்டாள். எதற்குத் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு தகரப் பெட்டியை மாற்றுவதற்கு!

கொல்லிமலைக்கு வந்திருப்பவர்கள் எங்கள் வாசலூர்பட்டியைப் படகுத் துறையை வைத்து ஞாபகம் வைத்திருப்பீர்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் மலைக்கு வரவேண்டும். எங்களுக்கு மிளகும் காப்பியும் கொஞ்சம் பலா மரமும் உண்டு. மகளைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறோம். தலைப் பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டும் என்று இங்கேயே தங்கிவிட்டாள். வரும்போது துணிப் பெட்டியோடு கம்ப்யூட்டரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து அழகாக்கிக் கொடுப்பது அவள் வேலை. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் படங்களைக் கைக்கு அடக்கமான ஒரு டப்பாவில் போட்டு பஸ்ஸில் அனுப்புவார்கள். முடித்துக் கொடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய்.

கைக்குழந்தைக்காரிக்கு வேலை நேரம் ஏது? குழந்தை தூங்கும் நேரம்தான் அவள் ஆபீஸ் நேரம். எல்லாம் வெட்டி ஒட்டி முடித்த பிறகு, மொத்தப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதும்படி கம்ப்யூட்டரை ஏவிவிட வேண்டுமாம். 'ரெண்டர்' என்பார்கள். அதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். 'டப்'பென்று திரை இருண்டுவிடும்! பெட்டி தானாகவே அணைந்து தானாகவே மறுபடி எழும். எழுதின வரைக்கும் வீண். அதற்குள் குழந்தையும் எழுந்துவிடும். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

"அம்மா, எஸ்.எம்.பி.எஸ். போதலை. பெரிசா ஒண்ணு போடணும்" என்றாள்.

"மலைக் கரண்ட்டு அப்படித்தான் வரும் போகும். அதுக்கு மிஷின் என்ன பண்ணும்?" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பச்சை உடம்புக்காரிக்கு இந்த வேலை எதுக்கு? பேசாம அதை வித்துட்டுப் புள்ளையைப் பாரு" என்றும் சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தொட்டில் துணியை மடித்தாள். மடித்த துணியையே இன்னொரு தரம் பிரித்து மடித்தாள். எனக்குச் சொரேல் என்றது. இது தகரப் பெட்டி விஷயம் மட்டும் இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஆனால் மகள் கேட்கிறாள் என்பதற்காக டின்னைத் திறந்து கொடுக்கவும் மனசு வரவில்லை. தப்பான சாமானுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதன் பிறகும் பெட்டி அணைந்தால்? அப்பா சொன்னதே சரி என்று ஆகிவிடுமே! முதலில் எதனால் அணைகிறது என்று தெரியட்டும், பிறகு காசு என்றேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பால் கணக்கு நோட்டு! குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்றால் எத்தனை தரம், என்ன சாப்பிட்டது என்று எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுவோம் இல்லையா? அதே மாதிரி கம்ப்யூட்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு அணைந்தது; அப்போது மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்; விளக்கு மங்கியதா; கிரைண்டர், மிக்ஸி ஓடியதா; மழையா, இடியா என்று ஐந்து கட்டம் போட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டுமே!

பன்னிரண்டு நாளில் ஒன்பது தரம் அணைந்தது. அதில் இரண்டு தரம் நிஜமாகவே கரண்ட் போனபோது. பக்கத்தில் யு.பி.எஸ். இருந்தும் அதன் பாட்டரி கிழடாகிவிட்டதால் தாங்கவில்லை. மீதி ஏழும் ரெண்டர் ஓடும்போதே! அதிலும் ஒன்று பட்டப்பகல் பதினோரு மணிக்கு. கிரைண்டர் ஓடவில்லை, விளக்கும் கண் சிமிட்டவில்லை. இன்னொரு நாள் கிரைண்டரில் மாவும் மிக்ஸியில் சட்னியுமாகச் சேர்ந்து ஓடின. மகள் சும்மா படத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒன்றுமே ஆகவில்லை. நோட்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அப்ப கரண்ட்டு இல்லே" என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் இரண்டு சந்தேகம். ஒன்று சூடு. கம்ப்யூட்டரின் மூளையான பிராஸஸர் அதிகமாகச் சூடேறினாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெட்டியை அணைத்துவிடுமாம். விறகடுப்புப் புகையும் தொட்டில் துணிப் பஞ்சும் ஒரே வீட்டில் இருக்கையில், காற்றாடிகளில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலில் வைத்துப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தோம். மகள் சூடு காட்டும் அளவைப் பார்த்தாள். எழுபது டிகிரிக்குள் நின்றது. பயப்படும்படி இல்லை. மறுநாள் ரெண்டர்; மறுபடி 'டப்'!

தூசி தட்டியதில் வேறொரு பலன் கிடைத்தது. மறுநாள் வீடு துடைத்த ஈரம் காயாமல், செருப்பில்லாத காலோடு பெட்டியின் பின்புறத்தைத் துணியால் துடைத்தேன். விரலில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. கையை எடுத்துவிட்டு மறுபடி புறங்கையால் லேசாகத் தொட்டேன், மறுபடி சுருக்! அந்த மேஜைக்குக் கீழேதான் என் பேத்தி புதிதாகத் தவழப் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ரெண்டரும் இல்லை, வீடியோவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி மேலே சுற்றி வைத்துவிட்டு, செம்மேட்டிலிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். "பழைய பெட்டிதானே கசியுது? புதுசு வாங்கினா சரியாயிடுமில்ல?" என்று அவரிடம் கேட்டார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்ன பதிலை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். "புதுசு வாங்கினாலும் இதேதாங்க. குத்தம் பெட்டியிலே இல்லே, செவுத்துலே" என்றார். இந்த மாதிரி பவர் சப்ளைகளுக்குள் கரண்ட்டின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன ஏற்பாடு உண்டாம். அதிலிருந்து ஒரு துளிக் கரண்ட் எப்போதும் வெளித் தகரத்துக்குக் கசியும். பிளக்கின் மூன்றாவது, பருத்த முள் அதை எர்த் கம்பி வழியாகப் பூமிக்குக் கொண்டு போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தொடுகிற ஆள் வழியாக அது பூமிக்குப் போகும். அந்தக் கசிவு சின்னதுதான். ஆனால் என்றாவது உள்ளே ஒரு கம்பி விட்டுத் தகரத்தில் பட்டால் 230 வோல்ட்டும் தகரத்தின் மேலேயே நிற்கும். எர்த் இருந்தால் ஃப்யூஸ் போய்க் காப்பாற்றும். இல்லாவிட்டால் யாராவது தொடும் வரை காத்திருக்கும். எங்கள் வீட்டு ஸாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தது. அதன் பின்னால் பச்சைக் கம்பியும் இருந்தது. அந்தக் கம்பி வீட்டுக்கு வெளியே எந்த எர்த்திலும் போய்ச் சேரவில்லை! சுவரைத் தாண்டி வெட்ட வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ, கிரைண்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் அந்த நம்பிக்கையில்தான் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொல்லைப்புறம் கருவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, கம்பியை இணைத்தார். மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு ஸ்விட்சும் பொருத்தினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் மொத்தக் கரண்ட்டையும் அணைத்துவிடும் ஜாதி அது. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு ரூபாய். டின்னைத் திறந்தவர் என் வீட்டுக்காரர்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் உயிர் விஷயமாயிற்றே! நானும் பெரிசாகப் பேசவில்லை. ஆனால் கணக்கு என்னவோ டின்னில் எட்டாயிரத்து அறுநூறு ஆகிவிட்டது.

இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க என் நாத்தனார் மகன் வந்தான். செம்மேட்டில் அவனிடம் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. "அத்தை, சும்மா யோசிச்சிட்டே இருக்கிறதை விட, என்னோட பவர் சப்ளையை ஒரு ராத்திரி மாட்டிப் பார்த்துடலாம்" என்றான். பைசா செலவில்லாத பரீட்சை! பழையதைக் கழற்றி அவனுடையதை மாட்டினான். எந்தப் படம் ஏழு தரம் பாதியில் நின்றதோ அதையே ஓடவிட்டோம். மகள் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம் தாண்டியது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. படம் முழுசாக முடிந்தது! நோயாளி யார் என்பது ஊர்ஜிதமாகிவிட்டது.

மேஜை மேல் கழற்றி வைத்திருந்த பழைய பெட்டியை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் காற்றாடி, ஒரு பக்கம் கொத்துக் கொத்தாகக் கம்பிகள். எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் கரண்ட் கம்ப்யூட்டருக்கு ஆகாது. பச்சைக் குழந்தைக்குப் பாலை ஆற்றிக் கொடுக்கிற மாதிரி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தணித்து, ஒரே திசையில் ஓடும் கரண்ட்டாக மாற்றி ஊட்டுவது இதன் வேலை. ஒரு காலத்தில் இந்த வேலைக்குக் கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கள் வேண்டியிருந்தன. 1977-ல் வந்த ஆப்பிள் கம்பெனியின் இரண்டாம் மாடல் கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற எஞ்சினியர் இந்த லேசான முறையில் பவர் சப்ளை அமைத்துக் கொடுத்தார். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்று ஒரு பொது அளவை வெளியிட்டது. அதனால்தான் ஒரு வீட்டுப் பெட்டியைக் கழற்றி இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்ட முடிகிறது. சில பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனி அளவில் செய்வதும் உண்டு என்பதால், வாங்குமுன் பழையதை அளந்துகொள்வது நல்லது.

பெட்டியின் மேல் '450' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "நானூத்தி அம்பது வாட் இருக்கே, இன்னும் என்ன வேணும்?" என்றேன்.

"பெரிய எழுத்தைப் பார்க்காதீங்க அத்தை, கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க" என்றான் மருமகன். அங்கே ஒரு கட்டம். 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக 14 ஆம்பியர் என்றிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பன்னிரண்டு பதினாலு நூற்று அறுபத்தெட்டு! இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பிராஸஸர், கிராஃபிக்ஸ் கார்டு என்று பெரிய தீனிக்காரர்கள் எல்லாரும் அந்த 12 வோல்ட் குழாயிலிருந்துதான் பெரும்பாலும் குடிக்கிறார்கள். மற்றக் குழாய்களை எல்லாம் கூட்டிப் பார்த்தும் முன்னூறைத் தொடவில்லை. பெட்டி வாங்கும்போது கூடவே இலவசமாக வரும் மலிவு சப்ளைகள் பலவற்றின் கதை இப்படித்தானாம். பால் பாத்திரத்தில் 'ஐந்து லிட்டர்' என்று எழுதி வைத்துவிட்டு உள்ளே இரண்டு லிட்டர்தான் பிடிக்கிறது என்றால் நாம் விடுவோமா?

பிறகு செலவுக் கணக்கு. பிராஸஸருக்கு 65 வாட் என்று போட்டிருந்தது; ஆனால் கடுமையாக வேலை வாங்கும்போது கொஞ்ச நேரத்துக்கு அதைப் போல் இரண்டு மடங்கு கூட இழுக்குமாம். ஆறு மாதம் முன்பு மகள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தாள். அதற்கு 75 வாட். டிஸ்க்குகள், காற்றாடிகள், மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு முப்பது. சாதாரணமாக 170, உச்சத்தில் 235. குழாயில் வருவதோ 168! பெட்டி எப்போதிலிருந்து அணைய ஆரம்பித்தது என்று கேட்டேன். "கார்டு போட்டதுக்கு அப்புறம்தாம்மா" என்றாள் மகள். மகளையும் மருமகனையும் ஒரு முறை முறைத்தேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா!

ஆக, மாற்றத்தான் வேண்டும். எத்தனை வாட்டில்? மருமகனுக்கு 850 வாட்டில் ஒன்று வாங்கித் தர ஆசை. வானவில் மாதிரி விளக்கு எரியுமாம். "எண்ணூத்தி அம்பதா? மீட்டர் பம்பரமா சுத்துமே!" என்று பதறினார் என் வீட்டுக்காரர். இருவருக்கும் பாதிப் பாதி தப்பு. பெரிய தொட்டி கட்டினால் தண்ணீர்ச் செலவு கூடுமா என்ன? திறக்கிற குழாயைப் பொறுத்துத்தானே செலவு? அதே போல் 850 வாட் போட்டாலும் கம்ப்யூட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். மீட்டர் பயம் வேண்டாம். ஆனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குக் கல்யாணப் பந்தி அண்டா எதற்கு? உச்சத் தேவை 235 என்றால் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு, நிஜமான 450 வாட் போதும். பழையதன் தப்பு சின்னதாக இருந்தது இல்லை, எழுதியிருந்ததைக் கொடுக்காதது!

தரம் பார்க்க ஒரு முத்திரை இருக்கிறது. '80 பிளஸ்' என்று 2004-ல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். உள்ளே வாங்கும் கரண்ட்டில் 80 சதவீதமாவது வீணாக்காமல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மேலே மேலே படிகள். வெண்கலப் படி என்றால் பாதிப் பாரத்தில் குறைந்தது 85 சதவீதம். மீதி சூடாகி வீணாகும். 2016-ல் நூறு யூனிட் இலவசம் என்று வந்ததிலிருந்து மீட்டரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் நான், விடுவேனா? பழையது 70 சதவீதம்தான் கொடுத்தது என்று வைத்துக்கொண்டால், 170 வாட் வேலைக்குச் சுவரிலிருந்து 243 இழுத்திருக்கும். புதியது 200 இழுக்கும். மிச்சம் 40 வாட். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டால் பதினாலு யூனிட் மிச்சம். இதற்காகவே வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்; வாங்குகிறபோது இதையும் பார்த்து வாங்கலாம்.

இனி டின். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் பேச்செடுத்தேன்.

"என்னங்க, உங்க அம்மா சாமை குத்தின உரல் இன்னும் கொல்லையிலேதானே கிடக்கு?"

"அதுக்கென்ன இப்போ?"

"அரைக்கிற மிஷின் வந்தப்ப, 'கை இருக்கும்போது மிஷின் எதுக்கு'ன்னு ஊர்லே சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

எங்கள் மலையில் சாமை, தினை விளைந்த காலத்தில் உமி நீக்குவது முழுக்கப் பெண்கள் வேலை. உரலும் உலக்கையுமாக மணிக் கணக்கில் இடிப்பார்கள். 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே சிறுதானியங்களுக்காக உழைத்தார்கள். உமி நீக்கும் சின்ன இயந்திரங்களும் ஊர்களுக்கு வந்தன. என் மாமியாருக்குத் தோள்பட்டை வலி கடைசி வரை போகவில்லை. மிஷின் வந்த பிறகு குத்தவும் இல்லை.

"நம்ம பொண்ணு செய்யறதும் வேலைதாங்க. புள்ளையை விட்டுட்டுப் போகலே, பக்கத்திலேயே வெச்சுக்கிட்டுச் செய்யறா. மிஷின் சரியா இருந்தா புள்ளை தூங்கறப்ப அவளும் ஒரு கண் தூங்குவா. இப்போ ஒரே படத்தை ஏழு வாட்டி செஞ்சிருக்கா."

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். "காது குத்து தையிலேன்னு சொல்லிட்டேனே..." என்றார் கடைசியில். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, கவலை. அது வரை எனக்கு அது தெரியவில்லை. தாய்மாமன் இல்லாத குறை மகளுக்குத் தெரியக் கூடாது என்று மனுஷர் எவ்வளவு நாளாக உள்ளுக்குள் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்!

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். "அப்பா, தைக்குள்ளே மூணு கல்யாணம் முடிச்சுக் கொடுக்கணும். அந்தப் பணம் வந்ததும் டின்னிலே போட்டுடறேன். தோடு நீங்கதான் போடணும். மாசியிலே போட்டா என்ன?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை குளித்து, வெள்ளை வேஷ்டி கட்டி, பழைய தகரப் பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நின்றார். நாமக்கல்லில் கடைக்காரர் ஏதோ ஒரு பெட்டியை எடுத்து நீட்டி, "450 வாட், நல்லா போகுதுங்க" என்றாராம். நம்மவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பன்னெண்டு வோல்ட்டுலே எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டாராம்! கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொன்றைக் கொண்டு வந்தாராம். 36 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 432. வெண்கல முத்திரை, கம்பெனி காரண்டி, மூவாயிரத்து முன்னூறு ரூபாய். இந்தக் கதையை அவர் எங்கள் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை.

புதுப் பெட்டி மாட்டிய பிறகு ரெண்டர் நடுவில் நின்றதே இல்லை. சொன்னபடி மூன்று கல்யாணமும் முடித்துக் கொடுத்தாள். மாசி மாதம் என் பேத்தி தாத்தா மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி அழுது காது குத்திக்கொண்டாள். அந்த வீடியோவையும் அவள் அம்மாதான் வெட்டி ஒட்டினாள். காசு வாங்காமல்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் 'பெரிசாப் போடணும்' என்று வந்து நின்றால் உடனே கொடுக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தூசி தட்டுங்கள். தெரிந்தவரிடம் நல்ல பெட்டி ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பெருக்கிப் பாருங்கள். பழைய பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாமாம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மூன்றாவது முள்ளுக்குப் பின்னால் நிஜமாகவே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது முள்ளை உடைத்து இரண்டு முள் ஸாக்கெட்டில் திணிக்கிற வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

வெயில் காலத்தில் எர்த் குழி காயக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் வாசல் தெளித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீர் கொண்டு போய் அங்கே ஊற்றுகிறேன். கருவேப்பிலை மரமும் நன்றாகத் தழைத்திருக்கிறது.